ஓஎஸ் போடும் கடையும் பாஸ் லினக்ஸும்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு நிறுவனமான எல்காட் மாணவர்களுக்காக வாங்கிக் கொடுத்த கணினியின் பொத்தானை அழுத்தினால் முதலில் வந்தது ஒரு கருப்புத் திரை. அதில் விண்டோஸ் ஒரு வரி, பாஸ் லினக்ஸ் ஒரு வரி. சில வினாடிக்குள் அம்புக்குறியை நகர்த்தி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. செய்யாற்றங்கரைக் கலசப்பாக்கத்துக்கும், வடமேற்கே சவ்வாது மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூருக்கும் லினக்ஸ் பெருவாரியாக வந்து சேர்ந்த வழி இதுதான்: யாரும் கேட்காமல், யாரும் நிறுவாமல், வன்தட்டில் ஏற்கெனவே உட்கார்ந்தபடி. சில ஆண்டுகளில் பல கணினிகளில் அந்த இரண்டாவது வரி காணாமல் போயிற்று. ‘லினக்ஸ் கஷ்டம், பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை’ என்பது வழக்கமான விளக்கம். அது காரணமாக எனக்குப் படவில்லை. அந்த வரியை அழித்தது, பழுது பார்க்கப் போன இடம்.

திட்டமிட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் அல்லர். உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோதே எல்காட் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றிப் பார்த்திருந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்ட பாஸ் 2007இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய, மத்திய அரசின் சி-டாக் நிறுவனக் குழு இருந்ததும் சென்னையில்தான். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகம் ஸ்டார் ஆபீஸைத்தான் பாடமாக வைத்திருந்தது, மைக்ரோசாஃப்ட் வேர்டை அல்ல. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றபோது, அரசு தன் துறைகளுக்கும் பாஸையே பரிந்துரைத்தது. ஆக சென்னையில் எண்ணம் இருந்தது, மென்பொருள் இருந்தது, பாடமும் இருந்தது.

ஊரில் என்ன நடந்திருக்கும் என்பதை அந்தக் கணினியின் அமைப்பே சொல்லிவிடும். வைரஸ் ஏறி விண்டோஸ் படுத்துவிட்டால் கணினி கடைக்குப் போகும். ‘ஓஎஸ் போட’ கடைக்காரரிடம் இருப்பது ஒரு விண்டோஸ் சிடி. அதைப் போட்டதும் வட்டின் தொடக்கத்தில் இருந்த க்ரப் என்ற ஏற்றுநிரல் மேலெழுதப்படும். தேர்வுத் திரை மறைந்துவிடும். லினக்ஸ் மட்டும் வட்டில் அப்படியே இருக்கும், ஆனால் மை கம்ப்யூட்டரில் அந்தப் பகுதி தெரியாது. லினக்ஸ் லைவ் சிடி ஒன்றிலிருந்து கணினியைத் தொடக்கி, க்ரப்பைத் திரும்ப நிறுவினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அதைவிட மோசமான நிலை ஒன்று உண்டு. இடம் போதவில்லை என்று விண்டோஸுக்குள்ளிருந்தே அந்தப் ‘பெயரில்லாத’ பகுதியை யாராவது அழித்துவிட்டால், அடுத்த முறை ‘க்ரப் ரெஸ்க்யூ’ என்ற ஒற்றை வரியோடு கணினி நின்றுவிடும். க்ரப்பின் மீதிப் பாதி அழிந்த பகுதியில்தான் இருந்தது. அதனால் விண்டோஸும் எழாது. விண்டோஸ் சிடியின் மீட்புத் திரையில் ‘பூட்ரெக்’ கட்டளை ஒன்று கொடுத்தால் தீர்ந்தது. ஆனால் பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? லினக்ஸ் கணினியைக் கெடுத்துவிட்டது என்றுதான். பழி விழுந்த இடம் அது.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். ஒன்று, டிரைவர் தொல்லை. முன்கூட்டியே நிறுவிக் கொடுத்த கணினியில் அந்த வேலையைப் பெரும்பாலும் விற்றவரே முடித்திருப்பார். கழற்றிவிட்டு வேறு லினக்ஸ் போடுபவருக்குத்தான் வைஃபை முரண்டு பிடிக்கும். இன்னொன்று கொஞ்சம் கனமானது: டைப்பிங் சென்டர்கள் வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஓடின, அவற்றுக்கான விசைப்பலகை மென்பொருள் விண்டோஸுக்கே இருந்தது. உண்மைதான். அரசு 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகும் அந்தப் பழக்கம் சட்டென்று விடவில்லை. ஆனாலும் கேரளத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஐடி@ஸ்கூல் திட்டம் ஆசிரியர்களையே பயிற்சியாளர்களாக்கியது, பத்தாம் வகுப்புச் செய்முறைத் தேர்வையும் லினக்ஸிலேயே நடத்தியது. கணினி நின்றால் கேட்க அதே பள்ளியில் ஓர் ஆள் இருந்தார். இங்கே கணினி பிள்ளையின் வீட்டுக்குப் போனது, ஆள் போகவில்லை.

அந்த முதல் தவணைக் கணினிகளுக்கு 2 ஜிபி நினைவகம்தான். இன்றைய விண்டோஸ் அதில் ஓடாது. எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை பென்டிரைவில் ஏற்றி, வட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்க அரைமணி நேரம் ஆகும். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூர் கடைக்கு பஸ் மலையிறங்கிவர அதைவிட நேரமாகும்.