பலகையா, தலையா?

கைட் போர்டிங்கில் பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் சறுக்குவார்கள். விழுந்தால் பட்டம் ஆளை இழுத்துப் போய்விடும்; பலகை பின்னால் கிடக்கும். கயிறு போட்டு உடம்போடு கட்டினால் என்ன?

கயிற்றின் கதை பழையது. 1971-ல் கலிஃபோர்னியாவின் பேட் ஓ'நீல் அலைச்சறுக்குப் பலகையை ரப்பர் கயிற்றால் கையோடு கட்டினார். பலர் கேலி செய்தார்கள். அப்படியொரு கயிறு சுண்டியடித்து அவருடைய அப்பா ஜாக் ஓ'நீலின் இடது கண் போனது.

பிரான்சின் லெகென்யூ சகோதரர்கள் 1984-ல் காப்புரிமை கோரிய காற்றடைத்த பட்டம் பின்னாளில் இந்த விளையாட்டைப் பரப்பியது. இங்கே ஆபத்து இன்னும் அதிகம்: பட்டம் இழுக்க இழுக்கக் கயிறு விறைத்து, பலகை தலைக்கே பாயும்.

அதனால்தான் பயிற்சியில் வேறு வழி சொல்லித்தருகிறார்கள். ஒரு கையால் பட்டத்தைத் தாழ்வாக ஓட்டி, மறுகையைத் துடுப்புபோல் நீருக்குள் நீட்டி, காற்றுக்கு எதிராக வளைந்து வளைந்து போய்ப் பலகையை எடுக்க வேண்டும். நேரமாகும்தான். ஆனால் பலகை போனால் வேறு வாங்கலாம். கண்?