திரையின் இடது மூலை

கணினிப் பணிசெயல் முறைமைகளின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அவற்றை ஆக்கிய நிறுவனங்களின் வரலாற்றையே எழுதிவிடுகின்றனர். எப்பொருள் எவ்வாண்டில் வெளிவந்தது, அதனை மேடையில் அறிமுகஞ் செய்தவர் யார் என்னும் செய்திகள் அவ்வரலாற்றில் நிரம்ப உள. அப்பொருள் முழுமைபெறுமுன் அதனைத் தம் இயந்திரத்தில் நிறுவிப் பார்த்து, குறைகளை எழுதியனுப்பிய பாவனையாளரின் குரல் அதில் அரிதாகவே கேட்கின்றது. 2000ஆம் ஆண்டில் அப்பிள் நிறுவனமும், 2011, 2012ஆம் ஆண்டுகளில் மைக்ரோசொப்ட் நிறுவனமும் வெளியிட்ட முன்னோட்டப் பதிப்புகள் அக்குரல் உரத்து ஒலித்த இரு சந்தர்ப்பங்களாகும். இரண்டிலும் பிணக்கு எழுந்த இடம் ஒன்றே: திரையின் இடப்பக்க மூலையில் விரல்நகமளவான ஒரு சிறு பரப்பு.

1984 ஜனவரி 24ஆந் திகதி வெளிவந்த மக்கின்ரோஷ் கணினியின் திரையில், மேல்விளிம்புப் பட்டையின் இடது அந்தத்தில் ஓர் அப்பிள் சின்னம் இருந்தது. அதனை அழுத்தினால் ஒரு பட்டி இறங்கும். 1991இல் வெளியான ஏழாவது பதிப்பு, அப்பட்டியில் எவையெவை இடம்பெறவேண்டும் என்பதைப் பாவனையாளரே தீர்மானிக்க இடமளித்தது. ஒரு கோப்புறையில் தமக்கு வேண்டியவற்றை இட்டால் அவை பட்டியிலே தோன்றும். அன்று முதல் அது நிறுவனம் தந்த பட்டி என்ற நிலை மாறி, ஒவ்வொருவரும் தத்தம் தேவைக்கேற்ப அடுக்கிவைத்த ஓர் அலுமாரியாயிற்று. பத்தாண்டுக் காலம் அவ்வாறு அடுக்கியவர்களிடமிருந்தே அது பின்னர் பறிக்கப்பட்டது என்பதை மனங்கொள்ளாதவர்க்கு, 2000ஆம் ஆண்டில் எழுந்த சினம் சிறுபிள்ளைத்தனமாகவே தோன்றும்.

1996 டிசெம்பரில் அப்பிள் நிறுவனம் நெக்ஸ்ற் நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. ஸ்டீவ் ஜொப்ஸ் தாம் தொடங்கிய நிறுவனத்துக்கு மீண்டார். அவருடன் நெக்ஸ்றின் முறைமையும், அதனை ஆக்கியோரின் நோக்கும் உடன் வந்தன. நெக்ஸ்ற் மரபில் செயலிகளை வரிசையாக வைத்திருக்கும் 'டொக்' என்னும் தட்டு உண்டு; அப்பிள் பட்டி இல்லை. ஒரே கூரையின்கீழ் வந்த இவ்விரு மரபுகளின் இழுபறியே பத்தாம் பதிப்பின் இடைமுகத்தைத் தீர்மானித்தது எனலாம். 2000 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவில் 'அக்குவா' என்னும் புதிய தோற்றம் காட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டெம்பர் 13ஆந் திகதி பாரிஸ் கண்காட்சியில் பொதுமக்களுக்கான முன்னோட்டப் பதிப்பு வெளியிடப்பட்டது. அதன் விலை 29.95 டொலர். குறையுள்ள பொருளொன்றைப் பணங்கொடுத்து வாங்கி, அதன் குறைகளை விற்றவனுக்கே எழுதியறிவிப்பது விந்தையான வணிகமே. எனினும் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விலைபோயின.

வாங்கியோர் முதலிற் கண்ட மாற்றங்களுள் ஒன்று, அப்பிள் சின்னம் இடது மூலையை விட்டுப் பட்டையின் நடுவிற்கு நகர்ந்திருந்தமையாகும். அதனை அழுத்தினால் யாதும் நிகழவில்லை. அது வெறும் அலங்காரமாகவே இருந்தது. பதினாறு ஆண்டுகளாகக் கதவாயிருந்த ஒன்று சுவரிலே தீட்டிய கதவுச் சித்திரமாயிற்று. போதாக்குறைக்கு, நீண்ட பட்டிகளைக் கொண்ட செயலிகளுக்கு நடுவிடம் ஒரு தடையாகவும் அமைந்தது.

மூலை ஏன் இத்துணை முக்கியம் என்பதற்கு உளவியல் விடை ஒன்றுண்டு. ஓர் இலக்கை எட்டுவதற்கு வேண்டிய நேரம் அதன் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது என 1954இல் போல் ஃபிற்ஸ் காட்டினார். திரையின் மூலைக்கு அப்பாற் சுட்டி செல்லமுடியாது. கண்ணாற் குறிபாராது கையை வீசினாலும் அது மூலையிலே சென்று நிற்கும். ஆகவே மூலையில் இருப்பது கண்ணால் தேடப்படுவதன்று, கையால் அறியப்படுவது. கை கற்றதை மறப்பது கண் கற்றதை மறப்பதிலும் கடினம்.

அப்பிள் நிறுவனத்துக்கு 75,000க்கு மேற்பட்ட கருத்துரைகள் வந்துசேர்ந்தன. 2001 ஜனவரி 9ஆந் திகதி ஜொப்ஸ் திருத்தங்களைக் காட்டியபோது, அப்பிள் சின்னம் இடது மூலைக்கு மீண்டிருந்தது. அழுத்தினால் பட்டியும் இறங்கிற்று. மார்ச் 24இல் வெளியான 10.0 பதிப்பு அவ்வாறே அமைந்தது. பரிசோதகர் வென்றனர் என்றே பலரும் எழுதினர். ஆயின் இறங்கிய பட்டி பழைய பட்டியன்று. கணினியை நிறுத்துதல், மீளத்தொடங்குதல், அமைப்புகளைத் திறத்தல் முதலான கட்டளைகள் அதிலிருந்தன. பாவனையாளர் தாமே அடுக்கிய பொருள்களுக்கு அதில் இடமில்லை. அலுமாரியின் கதவு திரும்பி வந்தது, தட்டுகள் வரவில்லை. அத்தட்டுகளை வேண்டியோர் 'ஃபுரூட் மெனு' போன்ற பிறர் ஆக்கிய சிறு மென்பொருள்களை நாடவேண்டியதாயிற்று.

பரிசோதகர் கூற்று அனைத்தும் காலத்தால் மெய்ப்பிக்கப்பட்டன என்று கொள்வதும் தவறாகும். டொக் தட்டின்மீது அன்று பொழிந்த கண்டனம் சிறிதன்று. அத்தட்டோ நிலைபெற்றது, பின்வந்த தலைமுறை அதனை இயல்பாகவே ஏற்றுக்கொண்டது. அதனைத் திரையின் பக்கவாட்டில் வைக்கும் வசதி 2001 செப்டெம்பரில் 10.1 பதிப்பில் வந்ததே அக்கண்டனம் ஓரளவு தணியப் போதுமானதாயிருந்தது.

பத்தாண்டு கழிந்து இக்கதை விண்டோஸ் முறைமையில், கீழ்மூலையில் நிகழ்ந்தது. 1995 ஓகஸ்ட் 24இல் வெளிவந்த விண்டோஸ் 95 தொட்டு அம்மூலையில் 'ஸ்ரார்ட்' பொத்தான் இருந்துவந்தது. 2010இல் அப்பிள் ஐபாட் சந்தைக்கு வந்தபின், தொடுதிரைக்கும் மேசைக் கணினிக்கும் ஒரே முறைமையை அமைக்க மைக்ரோசொப்ட் முனைந்தது. 2011 செப்டெம்பர் 13ஆந் திகதி கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் விண்டோஸ் 8இன் முதல் முன்னோட்டம் வெளியாயிற்று. பொத்தானை அழுத்தினால் பழைய பட்டிக்குப் பதிலாக ஓடுகள் பதித்தாற்போன்ற ஒரு முழுத்திரை தோன்றியது. முறைமையின் பதிவேட்டில் ஒரு பெறுமானத்தை மாற்றினால் பழைய பட்டி மீளுமென்பதைப் பரிசோதகர் விரைவிலேயே கண்டுபிடித்து ஒருவருக்கொருவர் அறிவித்தனர். அதுவே ஒரு வாக்கெடுப்புப் போன்றது. 2012 பெப்ரவரி 29இல் பார்சிலோனாவில் வெளியான அடுத்த முன்னோட்டத்தில் அவ்வழி அடைபட்டிருந்தது, பொத்தானும் மறைந்திருந்தது.

அப்பிள் பாவனையாளர் எழுதியதைப் படித்தது. மைக்ரோசொப்டிடம் அதனினும் வலிய சான்று இருப்பதாக அந்நிறுவனம் கருதியது. இசைவளித்தோரின் கணினிகள் தாமாகவே அனுப்பிய பாவனைக் கணக்குகளே அவை. விஸ்ரா பதிப்பிலிருந்து விண்டோஸ் 7க்கு வந்தபோது ஸ்ரார்ட் பட்டியின் பாவனை 11 வீதத்தாற் குறைந்தது என 2011 ஒக்டோபரில் நிறுவனப் பொறியியலாளர் விளக்கமளித்தனர். கணக்கிற் பிழையில்லாதிருக்கலாம். ஆனால் ஒருவர் ஒன்றை எத்தனைமுறை திறக்கின்றார் என்பது, அது இல்லாதபோது அவர் எத்துணை இடர்ப்படுவார் என்பதற்கு அளவாகாது. வீட்டின் பின்கதவு நாளுக்கு இருமுறையே திறக்கப்படுகின்றதென எண்ணிக் கண்டு, அதனைச் சுவர்வைத்து அடைப்பார் உண்டோ? மேலும், இத்தகைய கணக்கெடுப்புக்கு இசைவளிக்க மறுப்போர் யாவர் என்ற கேள்வியும் உண்டு. அலுவலகங்களின் கணினிப் பொறுப்பாளரும் நுட்பமறிந்தோருமே அதனை நிறுத்திவைக்கக் கூடியவர்கள். பட்டியைப் பெரிதும் நம்பியிருந்தோரும் அவர்களே எனின், கணக்கு யாரை எண்ணாது விட்டது என்பது தெளிவு.

பொத்தான் மறைந்தபோதும் மூலை தன் தொழிலை இழக்கவில்லை. சுட்டியை அங்கே கொண்டுசென்றால் ஒரு சிறுபடம் தோன்றும், அதனை அழுத்தவேண்டும். ஆனால் பரிசோதகர் பலர் முன்னோட்டத்தைத் தம் அன்றாட முறைமையின் உள்ளே, ஒரு சாளரத்துள் இயங்கும் போலிக் கணினியில் நிறுவியிருந்தனர். அங்கே மூலை உண்மையான மூலையன்று. சுட்டி அதனைத் தாண்டி வெளியே வழுவியது. ஃபிற்ஸ் கூறிய நன்மை அவ்விடத்தில் முற்றாக இல்லாதொழிந்தது. கணினியை நிறுத்தும் கட்டளையும் வலப்பக்கத்திலிருந்து வெளிப்படும் மறைபட்டை ஒன்றின் உள்ளே ஒளிந்திருந்தமையால், அதனைத் தேடிக் களைத்தோர் பலர்.

2012 ஒக்டோபர் 26இல் விண்டோஸ் 8 பொத்தானின்றியே விற்பனைக்கு வந்தது. பட்டியை மீட்டுத்தரும் 'கிளாசிக் ஷெல்', 'ஸ்ரார்ட் 8' போன்ற பிறர் மென்பொருள்கள் பரவின. ஓராண்டு கழிந்து, 2013 ஒக்டோபர் 17இல் வெளியான 8.1 பதிப்பில் பொத்தான் மீண்டும் மூலைக்கு வந்தது. அழுத்தியோர் கண்டது அதே ஓட்டுத் திரையை! 2001இல் அப்பிள் செய்ததையே மைக்ரோசொப்டும் செய்தது: சின்னத்தைக் கொடுத்தது, சின்னம் குறித்த பொருளைக் கொடுக்கவில்லை. இரு நிறுவனங்களும் பரிசோதகரின் முறைப்பாட்டை ஒரு வடிவத்தின்மீதான பற்றாகவே விளங்கிக்கொண்டன எனக் கருத இடமுண்டு. முறைப்பட்டோர் கேட்டதோ தம் கை அறிந்த ஒழுங்கினை. மைக்ரோசொப்ட் அவ்வொழுங்கினை ஒருவாறு திருப்பித்தர 2015 ஜூலை 29வரை சென்றது. அன்று வெளியான விண்டோஸ் 10இல் பட்டி மீண்டது. ஓடுகளும் அதன் வலப்புறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. இம்முறை முன்னோட்டம் 2014 ஒக்டோபரிலேயே தொடங்கி மாதக்கணக்காக நீடித்தது. பரிசோதகரைப் பதிவுசெய்து கருத்துக்கேட்கும் ஒழுங்கும் ஏற்படுத்தப்பட்டிருந்தது.

2021 ஒக்டோபர் 5இல் வெளிவந்த விண்டோஸ் 11, அப்பொத்தானை மூலையிலிருந்து எடுத்துக் கீழ்ப்பட்டையின் நடுப்பகுதிக்கு நகர்த்தியது. அதனைப் பழையபடி இடப்பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் தெரிவும் அமைப்புகளிடையே வைக்கப்பட்டிருந்தது.