கேர்னலின் பிழையுரை வளர்ந்த வரலாறு

கணினியின் நினைவகத்தைப் பக்கங்களாகப் பகுத்து, வேண்டிய பக்கம் இல்லாவிடத்து அதனைத் தானே வருவித்துக்கொள்ளும் முறை, மன்செஸ்டர் சர்வகலாசாலையில் 1962ஆம் ஆண்டு தொடங்கிவைக்கப்பெற்ற அற்லஸ் கணினியிற் கையாளப்பட்டது. இம்முறையிற் பக்கம் காணப்படாமை இயல்பான நிகழ்ச்சியேயன்றிக் குற்றமன்று. ஆயின், நினைவகத்தைக் காக்கவேண்டிய பணிசெயல் முறைமையின் கருவாகிய கேர்னலே எங்கும் இல்லாத பக்கமொன்றைத் தவறாக நாடுமாயின், அது வேலியே பயிரை மேய்ந்ததனை ஒக்கும்.

அவ்விடத்துச் செயலி வாளா இருப்பதில்லை. 1985ஆம் ஆண்டு அறிமுகமான இன்டெல் 80386 செயலி, பிழைபட்ட விலாசத்தை ஒரு பதிவகத்திற் பொறிப்பதுடன், குறியெண் ஒன்றையும் கேர்னலிடம் ஒப்புவிக்கும். பக்கம் இல்லையா, அன்றி இருந்தும் அனுமதி மறுக்கப்பட்டதா. முயன்றது படிக்கவா, எழுதவா. முயன்றது கேர்னலா, பயனாளரின் நிரலா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அவ்வெண்ணில் அடங்கும்.

1991ஆம் ஆண்டில் லினஸ் டோவால்ட்ஸ் இச்செயலிக்கென ஆக்கத் தொடங்கிய லினக்ஸ், விலாசத்தைச் சொல்லாற் கூறியதேனும், குறியெண்ணை நெடுங்காலம் எண்ணாகவே காட்டிற்று. ‘ஊப்ஸ் 0002’ என்பதன் பொருள், இல்லாத பக்கமொன்றில் எழுதக் கேர்னல் முயன்றது என்பதாம். பொருள் உண்டு, அதனை அறிவார் சிலரே. பிழை நிகழ்ந்த இடமும் வெறும் எண்ணாய் வந்தமையால், அதனைச் செயற்கூற்றின் பெயராக மாற்றுதற்கு வேறொரு நிரல் வேண்டப்பட்டது. 2003ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 2.6ஆம் பதிப்பில், அப்பெயரைக் கேர்னலே கூறும் வழி பிறந்தது. 2015ஆம் ஆண்டு 4.0ஆம் பதிப்பிற் சேர்ந்த கேசான் என்னும் சோதனைக் கருவி, விடுவித்த நினைவகம் மீளத் தொடப்படுமாயின், அது பெறப்பட்ட இடத்தையும் விடுவிக்கப்பட்ட இடத்தையும் சேர்த்துரைத்தது. 2018, 2019ஆம் ஆண்டுகளிற் செய்யப்பட்ட திருத்தங்களால், முற்கூறிய மூன்று விடைகளும் வெளிப்படையான சொற்களாயின.

இவ்விறுதித் திருத்தத்தின் பொருட்டுச் செயலியிடமிருந்து புதிய செய்தி எதுவும் பெறப்படவில்லை என்பது கருதத்தக்கது. முப்பதாண்டுக்கு மேலாகக் கையிலிருந்த எண்ணுக்கு உரை எழுதப்பட்டது, அவ்வளவே. ஆயினும் அதன் பயன் சிறிதன்று. பிழையை முதலிற் காண்பவர் பெரும்பாலும் கேர்னலை ஆக்கிய நிபுணரல்லர். தொலைவில் எங்கோ ஒரு கணினியைப் பேணும் ஊழியரே. அவர் அனுப்பும் சில வரிகளைக் கொண்டே நிபுணர் பழுதின் காரணத்தைத் துணிதல் வேண்டும். அவ்வரிகள் அவருக்கே விளங்குமாயின், வேண்டியது எது, வேண்டாதது எது எனத் தெரிந்து அனுப்புவர்.

சொல் வந்தமையால் எண் நீக்கப்படவுமில்லை. இரண்டும் அருகருகே நிற்கின்றன. நூற்பா கற்றார்க்கும் உரை கற்பார்க்கும் உதவுதல் போல, எண் நிபுணர்க்கும் சொல் ஏனையோர்க்கும் உதவும். உண்மையைப் பதிந்து வைத்தல் ஒரு பணி. அதனைப் பிறர் அறியச் சொல்லுதல் மற்றொரு பணி. பின்னையது நிறைவேற லினக்ஸின் வரலாற்றில் ஒரு தலைமுறைக் காலம் சென்றது.