விண் கூவும் பட்டம்: காற்றைக் கூவ வைத்த யாழ்ப்பாணம்

ஆரணி, செய்யாறு, வெம்பாக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் காற்றாடி என்றால் கண்ணால் பார்க்கிற பொருள். பழைய செய்தித்தாள், இரண்டு ஈர்க்குச்சி, கொஞ்சம் சோற்றுப் பசை, கிழிந்த துணியில் ஒரு வால். அவ்வளவுதான் செலவு. மேலே ஏறினால் கைதட்டல். நூல் அறுந்தால் ஓட்டம்.

சென்னைக்குப் போனால் அதே காற்றாடி சண்டைக்காரனாகிவிடும். கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா நூலால் அடுத்தவன் காற்றாடியை அறுப்பதுதான் அங்கே விளையாட்டு. அந்த நூல் சாலையில் போகிறவர்களின் கழுத்தையும் அறுத்தது. சென்னைக் காவல்துறை தடை மேல் தடை போட்டது. 2017 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை விதித்தது.

ஆனால் காற்றாடியைக் காதால் கேட்கிற தமிழர்களும் இருக்கிறார்கள்! ஆரணியிலிருந்து தெற்கே, நேர்கோட்டில் 300 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில், பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், யாழ்ப்பாணக் குடாநாட்டில். அங்கே அதன் பெயர் பட்டம். 'பட்டம் விடுவது' என்பதைவிட 'பட்டம் ஏற்றுவது' என்பதுதான் அந்த ஊர்ப் பேச்சு. கொக்கு, பிராந்து (பருந்துக்கு யாழ்ப்பாணத்துப் பெயர்), வௌவால், எட்டுமூலை, பாம்பு, பெட்டி என்று வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு. எந்த வடிவமானாலும் கேட்கிற கேள்வி ஒன்று: விண் கூவுகிறதா?

வில்லும் நாரும்

விண் என்பது பட்டத்தின் தலைப்பக்கம் குறுக்காகக் கட்டுகிற ஒரு வில். வில்லின் இரண்டு முனைகளுக்கும் நடுவில் கயிற்றுக்குப் பதிலாகத் தட்டையான ஒரு நாரை இழுத்துக் கட்டுவார்கள். பட்டம் மேலே ஏறியதும் காற்று அந்த நாரில் மோதும். நார் அதிரும். வண்டு ரீங்கரிப்பது போலத் தொடங்கி, பெரிய விண்ணாக இருந்தால் ஊரே கேட்கிற அளவுக்குக் கூவும். 'விண்' என்றால் தமிழில் வானம். 'விண்ணென்று தெறிக்கிறது' என்று சொல்லும்போது அதுவே அதிர்வைக் காட்டும் சொல். இந்தக் கருவிக்கு இரண்டு பொருளும் பொருந்துகிறது.

வில்லுக்கு மூங்கில் அல்லது கமுகஞ் சிலாகை. நாருக்குப் பனை மட்டையிலிருந்து கிழித்து, கத்தியால் வழித்து மெல்லியதாக்கிய நார். பிற்காலத்தில் சரக்குப் பொதிகளைச் சுற்றி வருகிற பிளாஸ்டிக் பட்டி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பார்க்க எளிதாகத் தெரியும். செய்தால்தான் கஷ்டம் புரியும். தறியில் பாவு தளர்ந்தால் நெசவு கெடும், அதிகம் இறுகினால் இழை அறும் என்பது நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். விண்ணுக்கும் அதே கணக்குதான். நார் தளர்ந்தால் சும்மா படபடக்கும். அதிகம் இறுகினால் பெருங்காற்று வரும்வரை வாய் திறக்காது. நார் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் ஓசை கரகரக்கும். வில் கனமாகிவிட்டால் பட்டமே தலை குப்புறக் குத்தும். அதைச் சரிக்கட்ட முச்சையை (நூலைப் பட்டத்தோடு இணைக்கும் கட்டு) மாற்றிக் கட்ட வேண்டும், வாலை நீட்ட வேண்டும். சிலர் வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று விண் பூட்டுவார்கள். அப்போது ஒரே பட்டத்திலிருந்து இரண்டு மூன்று சுருதி கேட்கும்.

காற்று எப்படிக் கூவுகிறது?

காற்றில் ஒரு கம்பி பாடுவது எல்லோரும் கேட்டிருக்கக்கூடியதுதான். மின்கம்பி 'ஊ' என்று ஊளையிடுமே, அது! 1878இல் செக் நாட்டைச் சேர்ந்த இயற்பியலாளர் வின்சென்ஸ் ஸ்ட்ரோஹால் அதற்கு ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார். காற்றின் வேகத்தைக் கம்பியின் விட்டத்தால் வகுத்து, சுமார் 0.2 ஆல் பெருக்கினால் ஓசையின் அதிர்வெண் வரும். நொடிக்கு 8 மீட்டர் காற்று, 2 மில்லிமீட்டர் கம்பி என்றால் 800 ஹெர்ட்ஸ். காற்று இரட்டித்தால் சுருதியும் இரட்டிக்கும்.

விண் இந்தக் கணக்குக்கு அப்படியே அடங்காது. அதன் நார் உருண்டை அல்ல, பட்டை. காற்று படும்போது அது லேசாக முறுகும். முறுகியதால் காற்று அதை ஒரு பக்கமாகத் தூக்கும். வில்லின் இழுவை திரும்ப இழுக்கும். திரும்பி வரும் வேகத்தில் மறுபக்கம் முறுகும். இது நொடிக்குப் பல பத்து முறை முதல் சில நூறு முறை வரை நடக்கும்போது கூவல் பிறக்கிறது. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் டகோமா நேரோஸ் தொங்குபாலம் மணிக்கு சுமார் 64 கிலோமீட்டர் காற்றில் முறுகி முறுகி ஆடி உடைந்து விழுந்தது. அதற்குக் காரணமான அதிர்வும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பொறியாளர்கள் பார்த்து நடுங்கிய விஷயத்தை யாழ்ப்பாணத்துச் சிறுவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கி விளையாடுகிறார்கள்!

இதனால் விண்ணின் சுருதியைப் பெரும்பாலும் நாரின் நீளமும் இழுவையும் தீர்மானிக்கின்றன. காற்று கூடினால் ஓசை பெருக்கும், சுருதி சற்றே ஏறும். காற்று குறைந்தால் முனகும். ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் அடங்கிவிடும். சுருதியை வைப்பது மனிதன், வாசிப்பது காற்று.

நம்ப முடியாத பருவம்

குடாநாட்டில் காற்றுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான், தென்மேற்கிலிருந்து சோளகம். கடலோடிகளின் ஊருக்கு இது பிழைப்புக்கான அறிவு. வடமராட்சிக் கடற்கரையில் உள்ள வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பல் 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அதை ஓட்டிப் போனவர்களில் வல்வெட்டித்துறை மாலுமிகள் இருந்தார்கள். பாய்மரத்தில் காற்றைப் பிடித்த ஊர்தான் பட்டத்திலும் பேர் வாங்கியது.

பட்டக் காலம் வடகிழக்குப் பருவமழையின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மார்கழி பாதிக்கு மேல் மழை விட்டு, வாடைக்காற்று சீராகும். தைப்பொங்கல் நாளில் உச்சம்.

சீராகும் என்பது கணக்கு. ஆனால் வங்கக்கடல் எல்லா வருடமும் கணக்குப் பார்ப்பதில்லை. 2008 நவம்பரில் நிஷா புயல் யாழ்ப்பாணத்தை வெள்ளக்காடாக்கியது. 2020 டிசம்பர் 2 அன்று புரெவி புயல் இலங்கையின் வடகிழக்குக் கரையில் ஏறியது. அடுத்த மாதமே, மழை ஓய வேண்டிய பொங்கல் சமயத்தில், தமிழ்நாட்டில் கொட்டித் தீர்த்து அறுவடைக்கு நின்ற சம்பாப் பயிர் சாய்ந்தது.

இப்படிப்பட்ட வானத்தில்தான் விண் வேலை செய்ய வேண்டும். தூறல் பட்டால் தாள் ஊறும். பனை நாரும் ஈரத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். வெயில் வந்தால் திரும்ப ஏறும். பிளாஸ்டிக் பட்டிக்கு இந்தத் தொல்லை இல்லை. அதே சமயம், ஈரத்தைக் காதுக்குச் சொல்லும் குணமும் அதற்கு இல்லை.

நல்ல காற்றில் பட்டத்தை ஏற்றி, கயிற்றைப் பனை மரத்தில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அது இரவு முழுக்க இருட்டில் நின்று கூவும். பாயில் படுத்திருக்கும் பையனுக்கு வெளியே வந்து பார்க்க வேண்டியதில்லை. ஓசை ஏறினால் காற்று ஏறுகிறது. ஓசை விட்டு விட்டு வந்தால் பட்டம் ஆட்டம் காண்கிறது. ஓசை நின்றால்... காலையில் யார் வீட்டுத் தோட்டத்தில் தேடுவது என்ற கவலை!

கடலுக்கு அந்தப் பக்கத்து உறவினர்கள்

இந்த ஓசைக்கு ஆசியா முழுக்கச் சொந்தங்கள் உண்டு. சீன மொழியில் பட்டத்துக்குப் பெயர் 'ஃபெங்செங்'. ஃபெங் என்றால் காற்று, செங் என்பது ஒரு நரம்பிசைக் கருவி. 10ஆம் நூற்றாண்டில் லீ யே என்பவர் பட்டத்தின் தலையில் மூங்கில் குழல் கட்டியதால் இந்தப் பெயர் வந்தது என்று பிற்காலச் சீன நூல்கள் சொல்கின்றன. சீனாவின் நான்தோங் நகரத்துப் பட்டங்களில் சிறிதும் பெரிதுமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஊதல்கள் இருக்கும். மலேசியாவின் 'வாவ்' பட்டத்துக்கும் பாலித் தீவின் 'ஜங்கான்' பட்டத்துக்கும் விண் போலவே வில் உண்டு.

எல்லாவற்றிலும் நெருங்கிய உறவு கம்போடியாவின் 'க்ளெங் ஏக்'. அதன் தலையிலும் வில், அதிலும் நார். அங்கேயும் மழை ஓய்ந்து வடகிழக்குக் காற்று வீசும்போதுதான் ஏற்றுவார்கள். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் ஆட்சியில் அந்த ஓசை அடங்கியது. 1990களில் மிச்சமிருந்த கைவினைஞர்களைத் தேடிப் பிடித்துத்தான் அதை மீட்க வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தின் கதையும் இங்கே வந்து சேர்கிறது.

வானத்தைக் கேட்டுப் பயந்த காலம்

1987 மே 26 அன்று இலங்கை இராணுவம் வடமராட்சியைப் பிடிக்க 'ஒப்பரேஷன் லிபரேஷன்' நடவடிக்கையைத் தொடங்கியது. வானிலிருந்து குண்டுகள் விழுந்தன. வல்வெட்டித்துறை இராணுவத்தின் கைக்குப் போனது. ஜூன் 4 அன்று அதே குடாநாட்டு வானத்தில் இந்திய விமானப்படையின் 5 ஆன்டனோவ் விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் துணையோடு வந்து, சுமார் 25 டன் நிவாரணப் பொருட்களைப் போட்டுவிட்டுப் போயின. அந்த நடவடிக்கைக்குப் பெயர் 'பூமாலை'. ஆனால் இரண்டே வருடத்தில், 1989 ஆகஸ்டில், இந்திய அமைதிப்படை இருந்த காலத்திலேயே வல்வெட்டித்துறையில் 50க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள்.

பிறகு 1990கள். குடாநாட்டின் பெரும்பகுதிக்குப் பொது மின்சாரம் கிடையாது. 1996இல் இலங்கை விமானப்படைக்குக் கிபிர் ஜெட் விமானங்கள் வந்தன. எந்த ஓசை ஹெலிகாப்டர், எந்த ஓசை குண்டு விமானம், எவ்வளவு தூரம், பதுங்கு குழிக்கு ஓட நேரம் இருக்கிறதா... இதையெல்லாம் குழந்தைகள் காதாலேயே கற்றுக்கொண்ட காலம் அது. ஊரடங்கு, கடலில் கட்டுப்பாடு, கரையோரத்தில் இராணுவ வேலிகள். கடற்கரையில் நினைத்த நேரத்தில் பத்துப் பேர் கூடி நின்று அண்ணாந்து பார்ப்பதே பெரிய விஷயம்.

யோசித்துப் பாருங்கள். வானத்தில் ஒரு ரீங்காரம் கேட்டால், ஒரு தலைமுறைக்கு அது பொங்கல் வந்துவிட்டது என்பதன் அறிகுறி. அடுத்த தலைமுறைக்கு அது ஓடு என்ற கட்டளை!

மீண்டும் கடற்கரை

2009இல் போர் முடிந்த பிறகு வந்த ஆண்டுகளில், வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் நடக்கும் பட்டப் போட்டி பெருவிழாவாக வளர்ந்தது. வெளிநாடுகளில் குடியேறியவர்களும் அதற்கென்று ஊருக்கு வருகிறார்கள். போட்டிக்குப் பெயர் விசித்திரப் பட்டப் போட்டி. கப்பல், விமானம், பறவை, விலங்கு என்று மேலே போனதும் அசைகிற, உருமாறுகிற, இரவில் விளக்கெரிகிற பட்டங்கள் ஏறுகின்றன.

வேடிக்கை பெருகப் பெருகப் பட்டமும் பெருக்கிறது. அதில் ஓர் ஆபத்து உண்டு. நொடிக்கு 10 மீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் தாளில் ஏறக்குறைய 6 கிலோ இழுவை கொடுக்கும். 15 சதுர மீட்டர் பட்டம் என்றால் 90 கிலோ, ஓர் ஆளைத் தூக்கிவிடும். காற்று 14 மீட்டராக ஏறினால் இழுவை இரட்டிப்பு. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் இதுதான் நடந்தது. பலர் சேர்ந்து பிடித்திருந்த பெரிய பட்டத்தின் கயிற்றை மற்றவர்கள் விட்டுவிட, விடாமல் பிடித்திருந்த ஓர் இளைஞர் 30, 40 அடி உயரத்துக்குத் தூக்கப்பட்டார். நல்லவேளை, உயிர் தப்பினார். அந்த வீடியோவை உலகமே பார்த்தது. யாழ்ப்பாணத்துப் பட்டம் பற்றிப் பலருக்கு இன்று தெரிந்தது அந்த வீடியோ மட்டும்தான்!

அதைவிடப் பெரிய விஷயம் வீடியோவில் வராத அந்த ஓசை. காற்றையும் மழையையும் கருவியாக்கி ஓசை படைப்பதற்கு இன்று 'ஒலிக்கலை' என்று பெயர் சொல்லிக் கலைக்கூடங்களில் இடம் ஒதுக்குகிறார்கள். ஐரோப்பாவில் அதனாசியஸ் கிர்ச்சர் 1650இல் காற்று யாழைப் பற்றி எழுதியதை அதன் பாட்டன் என்று கொண்டாடுகிறார்கள். பனை நாரை வழித்து வில்லில் கட்டி, வராத காற்றுக்குக் காத்திருந்து, வந்த காற்றுக்கேற்ப முச்சையை மாற்றிய வடமராட்சிப் பையன்களின் பெயர் எந்தப் புத்தகத்திலும் ஏறவில்லை. குண்டு விமானம் பறந்த வானத்தை ஒரு நாரையும் வில்லையும் கொண்டு மறுபடியும் அண்ணாந்து கேட்கக்கூடிய வானமாக்கியது அவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான்.

அடுத்த பொங்கலுக்கு ஆரணிப் பக்கமும் முயன்று பார்க்கலாம். ஒரு மூங்கில் சிம்பு, பார்சல் பெட்டியைச் சுற்றி வந்த ஒரு பட்டி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிய காற்றாடி. மாஞ்சா வேண்டாம், சாதா நூல் போதும். மின்கம்பி இல்லாத திறந்த வயல் வேண்டும். முதல் நாள் கூவாது. நாரை இன்னும் கொஞ்சம் வழித்துக் கட்ட வேண்டியிருக்கும்.