ஆஜர், ஹாடிர், ஹாளிர்

தேயிலைத் தோட்டத்தில் விடியுமுன் ஆட்கணக்கு எடுக்கும் இடத்துக்குப் பெரட்டு என்று பெயர். என் தாத்தா ஓய்வுபெற்று இருபது வருடம் கழித்தும் அந்த நேரத்துக்கு எழுந்துவிடுவார். "மழையோ குளிரோ, பெரட்டுக்கு ஆஜர் ஆயிறணும்ப்பா" என்பார். நான் தமிழ்ப்பள்ளியில் "உள்ளேன் ஐயா" சொல்லிப் பழகியவன். தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அது "ஹாடிர்" ஆனது. மலாய்ச் சொல், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

தாத்தாவின் ஆஜரும் என் ஹாடிரும் ஒரே சொல் என்று தெரிய எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது. அதைச் சொன்னவர் பெரிய ரோட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் பாய். ராமநாதபுரத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் வந்தவர். ஊரில் மதரசாவில் சில வருடம் ஓதியிருக்கிறார். "உங்க தாத்தா சொன்னது ஆஜர், சிக்கு சொல்றது ஹாடிர், எங்க ஒஸ்தாது சொன்னது ஹாளிர். எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்றார். ஒரே சொல்லுக்கு ஏன் மூன்று ஒலி? அந்தக் கேள்வியின் பின்னால் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை.

நான் பாயிடம் போனதற்குக் காரணம் 2019. தேசிய மொழிப் பாடத்தின் ஒரு பகுதியாகத் தமிழ், சீனப் பள்ளிகளின் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு ஜாவி எழுத்து அறிமுகம் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்து, நாடே இரண்டுபட்ட வருடம். பிறகு அது மூன்று பக்கமாகக் குறைந்தது. பெற்றோர் சம்மதித்தால்தான் என்றும் ஆனது. நானும் எதிர்த்தேன். எங்கள் மலைப் பள்ளிகளில் பிள்ளைகள் குறைவு. தமிழுக்கு இருக்கும் இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துவிடுமோ என்ற பயம் பொய்யல்ல, இன்றும் இருக்கிறது. ஆனால் ஒரு கூட்டத்திலிருந்து திரும்பும்போது ஒன்று உறைத்தது. நான் எதிர்க்கும் எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் டீ குடிக்கப் போன இடத்தில், "பாய், இத எப்படி வாசிக்கிறது?" என்று கேட்டேன். அவர் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். அப்படியே அரபு இலக்கணத்துக்குள் போய்விட்டோம்.

முதல் வாக்கியம் 'ஹாதா பைத்'. இது வீடு. ஆங்கிலம் படித்தவனுக்கு நடுவில் ஏதோ விடுபட்டது போல இருக்கும். தமிழனுக்கு அப்படி இருக்காது. நாமும் இரண்டே சொல்லில்தான் சொல்கிறோம். மலாயிலும் 'இனி ரூமா'. எழுவாயும் பயனிலையும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் போதும். அரபில் அவற்றுக்கு முப்ததா, கபர் என்று பெயர்.

வினை வந்தபோது மலாய் கையை விட்டது, தமிழ் பிடித்துக்கொண்டது. மலாயில் நான் எழுதினாலும் அவள் எழுதினாலும் 'துலிஸ்' மாறாது. அரபில் 'கதப்து' என்றால் எழுதினேன், 'கதப' என்றால் எழுதினான், 'கதபத்' என்றால் எழுதினாள். ஆள் வினைக்குள்ளேயே இருக்கிறார், எழுவாய் தனியாகத் தோன்ற வேண்டியதில்லை. அடுத்து வந்தது அஃறிணை. மனிதரல்லாத பன்மைகளை அரபு பெண்பால் ஒருமையாக நடத்துகிறது. அதாவது 'நாய்கள் வந்தாள்'. நான் சிரித்தேன். "நீங்க மட்டும் என்ன? நாய்ங்க வந்துச்சுன்னுதானே சொல்றீங்க. பன்மைக்கு ஒருமை" என்றார் பாய். அறிவுள்ளவை, அறிவில்லாதவை என்று உலகத்தைப் பிரித்து இலக்கணம் செய்வது நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன்.

புணர்ச்சியும் உண்டு. 'அல்' என்ற முன்னொட்டு 'நூர்' என்ற சொல்லோடு சேர்ந்தால் 'அந்நூர்'. லகரம் நகரத்தில் கரைகிறது. நல் என்பதும் நூல் என்பதும் சேர்ந்து நன்னூல் ஆவதை நினைத்துக்கொண்டேன். அரபின் 28 எழுத்துகளில் 14 இப்படி லகரத்தைக் கரைக்கும், 14 கரைக்காது. இரண்டும் ஒரே குடும்பம் அல்ல என்பது எனக்குத் தெரியும். தமிழ் திராவிடம், அரபு செமித்தியம். ஆனால் அயல்வீடு என்று நினைத்து நுழைந்த இடத்தில் நம் வீட்டு மாதிரியே ஒரு ஜன்னல் இருந்தால் கால் தயங்காது.

இந்த இலக்கணத்தை எழுதியது யார் என்று தேடினேன். அரபு இலக்கணத்தின் முதல் பெரும் நூல், இன்றைய ஈராக்கின் பஸ்ரா நகரில், 8ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. பெயரே இல்லாத நூல். வெறும் 'கிதாப்', புத்தகம் என்றுதான் அழைக்கிறார்கள். எழுதியவர் சீபவைஹி. அவர் அரபியர் அல்ல, பாரசீகர். அரபைப் பாடமாகக் கற்றவர். இஸ்லாம் பரவியதும் அரபு பேசாத லட்சக்கணக்கானவர்கள் அந்த மொழிக்குள் வந்தார்கள், தப்புத்தப்பாகப் பேசினார்கள், அந்தத் தவறுகளைக் கண்டு கவலைப்பட்டதில்தான் இலக்கணம் பிறந்தது என்பது அரபு மரபே சொல்லும் கதை. தாய்மொழிக்காரனுக்கு இலக்கணம் தேவைப்படுவதில்லை. வாசலில் நிற்பவனுக்குத்தான் வீட்டின் வரைபடம் வேண்டும்.

சீபவைஹியின் குரு கலீல் இப்னு அஹ்மத், அரபின் முதல் அகராதியைத் தொடங்கியவர். குரு காட்டிய வழியில் சீபவைஹி எல்லாச் சொற்களையும் மூன்றாகப் பிரித்தார்: இஸ்ம், ஃபிஇல், ஹர்ஃப். நம் தொல்காப்பியக் கணக்கில் பெயர், வினை, இடை. உரி மட்டும் அங்கே இல்லை.

அவருடைய முடிவைப் பற்றி ஒரு கதை உண்டு. எவ்வளவு உண்மையோ, நூற்றாண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். பாக்தாதில் அமைச்சரின் சபையில், அரசகுமாரர்களின் ஆசிரியரான கிஸாயீயோடு அவருக்கு வாதம். தேளின் கொட்டு குளவியின் கொட்டைவிடக் கடுமை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் அதுவும் இதுவும் ஒன்றே என்று பொருள்படும் ஒரு வாக்கியம். அதன் கடைசிச் சொல் எழுவாய்க்குரிய வடிவில் வர வேண்டுமா, செயப்படுபொருளுக்குரிய வடிவிலா? 'ஹாதா பைத்' போல வினையில்லாத வாக்கியம்தானே, எழுவாய் வடிவில்தான் வரும் என்றார் சீபவைஹி. இரண்டும் சரி என்றார் கிஸாயீ. சாட்சிக்குப் பாலைவன அரபியர்களை அழைத்தார்கள். பிறப்பால் மொழி தெரிந்தவர்கள் என்பதால் அவர்கள் சொல்வதே தீர்ப்பு. அவர்கள் கிஸாயீ பக்கம் பேசினார்கள். காசு வாங்கிக்கொண்டார்கள் என்று பின்னால் வந்தவர்கள் எழுதினார்கள். சீபவைஹி தோற்று ஊர் திரும்பி, கொஞ்ச காலத்தில் இளவயதிலேயே இறந்துபோனார். இன்று அரபு கற்கும் உலகம் அவருடைய புத்தகத்தின் மேல்தான் நிற்கிறது.

இந்தக் கதையைச் சொன்னபோது பாய் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். ஒரு வகுப்பில் அவர் 'ரமளான்' என்று சொன்னதும் ஓர் இளைஞர் சிரித்துவிட்டாராம். "தமிழன் அரபு" என்றாராம். ரமடான் அல்லது ரமதான் என்பதே சரியாம். "நாப்பது வருசமா நான் ஓதுறதே தப்போன்னு ஆயிருச்சு தம்பி."

அந்த எழுத்தின் பெயர் தமிழ் முஸ்லிம்கள் நாவில் ளாத்து. அரபியர் தங்கள் மொழியையே அந்த எழுத்தின் மொழி என்று பெருமையாகச் சொல்வார்கள். நமக்கு அது மூன்று வழியாக வந்திருக்கிறது.

முதல் வழி அரண்மனையும் கச்சேரியும். பாரசீகர் நாவில் அது ஸகரமாகி, நவாபுகளின் ஆட்சியிலும் கம்பெனியின் வரிக் கச்சேரியிலும் புழங்கி, தமிழில் ஜகரமாக இறங்கியது. ஆஜர், மாஜி, ஜில்லா, ஜப்தி, அர்ஜி, ராஜி, ஜரூர் எல்லாவற்றிலும் இருப்பது அந்த ஒரே எழுத்து. மாஜி என்பது அரபு இலக்கணத்தில் இறந்தகாலத்தின் பெயர். மாஜி மந்திரி என்று சொல்லும்போதெல்லாம் இறந்தகால வினை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது வழி கடலும் மலாய்ச் சமயப் பள்ளியும். பாரசீகக் கச்சேரி நடுவில் இல்லை, அதனால் ஜகரம் இல்லை. ஹாடிர், காடி, ஃபார்டு. 1948 முதல் 1960 வரை இந்த நாட்டில் இருந்த அவசரகாலத்துக்கு மலாயில் 'டாருராட்'. நம் 'ஜரூர்' பிறந்த அதே வேர். கேமரன் மலையில் தோட்டத்து ஜனங்கள் ஊரடங்கும் சோதனையும் பார்த்த காலம் அது. தாத்தா அந்த மலாய்ச் சொல்லைக் கேட்டிருப்பார். "ஜரூரா வா" என்று எங்களைக் கூப்பிடுவதும் அவர்தான். இரண்டும் சொந்தம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்றாவது வழி காயல்பட்டினமும் கீழக்கரையும். அரபு எழுத்தில் புதுப் புள்ளிகள் வைத்துத் தமிழுக்கு எழுத்துகள் உண்டாக்கி, அர்வி என்ற அரபுத்தமிழில் நூல்கள் எழுதிய கடற்கரை. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றவர்கள் 19ஆம் நூற்றாண்டிலும் அதில் எழுதினார்கள். ங, ச, ப, ஞ ஒலிகளுக்காக ஜாவியும் இதே வேலையைத்தான் செய்தது. இந்தக் கரையில் அந்த எழுத்து ளகரமானது: ரமளான், வுளூ, ஃபர்ளு.

எது சரி? சீபவைஹி ஒவ்வோர் ஒலியும் வாயில் எங்கே பிறக்கிறது என்று எழுதிவைத்திருக்கிறார். இந்த ஒலி நாக்கின் பக்கவாட்டிலும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களிலும் பிறக்கிறது என்கிறார். ளகரம் போல, காற்று நாக்கின் ஓரமாக வெளியேறும் ஒலி. இன்றைய அரபியர் பெரும்பாலும் அப்படிச் சொல்வதில்லை. அழுத்தமான டகரமாக ஆக்கிவிட்டார்கள். ஸ்பெயின் மொழியில் நகரத் தலைவருக்கு 'அல்கால்டே' என்று பெயர். காடி என்ற அதே அரபுச் சொல்தான். அங்கேயும் நடுவில் ஒரு லகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாயின் ளகரத்தில் அந்தப் பழைய ஒலியின் நிழல் இருக்கலாம், தமிழ் நாக்கு தன் வசதிக்கு எடுத்துக்கொண்டதாகவும் இருக்கலாம். முடிவு சொல்வது மொழியியலாளர்களின் வேலை. ஆனால் சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

மூன்று வழிகளும் சந்தித்த மனிதர் ஒருவர் இந்த நாட்டிலேயே இருந்திருக்கிறார். மலாக்காவில் 1796இல் பிறந்த முன்ஷி அப்துல்லா. ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து பெண்ணெடுத்த அரபு ஆசிரியர் ஒருவரின் வம்சம். வணிகக் கணக்கெல்லாம் தமிழில் நடந்த மலாக்காவில் தமிழ் கற்றார், அரபு கற்றார், ராஃபிள்ஸிடம் எழுத்தராக இருந்தார். தமிழிலிருந்து பஞ்சதந்திரத்தை மலாய்க்குக் கொண்டுபோனார். 1849இல் அச்சான அவருடைய தன்வரலாறு ஹிக்காயாட் அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்கிறார்கள் அவரை. அரபியர் தம் மொழிக்கு இலக்கணம் படிப்பதுபோல மலாய்க்காரர் தம் மொழியைப் படிப்பதில்லையே என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார். அவர் காலத்திலேயே ரியாவ் தீவில் ராஜா அலி ஹாஜி, இஸ்ம், ஃபிஇல், ஹர்ஃப் என்ற அதே மூன்று பெட்டிகளில் மலாய்ச் சொற்களை அடுக்கி 'புஸ்தானுல் காதிபீன்' எழுதினார். சட்டை சில இடங்களில் பிடித்தது, சில இடங்களில் தொளதொளத்தது. 11ஆம் நூற்றாண்டில் வீரசோழியம் தமிழுக்கு வடமொழிச் சட்டை தைத்துப் பார்த்ததை நினைத்தால் அது நமக்கும் புதிதல்ல. எந்த மொழியும் தனியாக உட்கார்ந்து தன்னைப் பற்றி யோசிக்கவில்லை.

இதையெல்லாம் படித்ததால் என் பயம் போய்விட்டதா? இல்லை. எங்கள் பள்ளியில் எதை, எப்போது, யார் சம்மதத்தோடு சொல்லிக்கொடுப்பது என்பது இன்றும் நான் கேட்கும் கேள்விதான். விரும்பிக் கற்பதும் விதித்துக் கற்பிப்பதும் ஒன்றல்ல. ஆனால் முன்பு அயலானின் எழுத்து என்று சொல்லி எதிர்த்தேன். இப்போது அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வருவதில்லை.

போன மழைக்காலத்தில் பாயின் கடைக்குச் சீபவைஹி ஒலிகளைப் பற்றி எழுதியதன் சுருக்கத்தைத் தமிழில் எழுதி எடுத்துப்போனேன். கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். மடித்துக் கல்லாப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். வாசிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியிலிருந்த பையனைப் பார்த்து, "தம்பிக்கு ஒரு டீ போடு, ஜரூரா" என்றார்.