பனிக்கட்டிக்கு யார் பில் கட்டுவது?

கொல்லிமலையில் மார்கழி விடியலில் வாளித் தண்ணீரில் கை வைத்தால் விரல் விறைத்துப் போகும். ஆனால் அந்தத் தண்ணீர் ஒருநாளும் உறையாது. 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி செம்மேட்டில் இறங்குகிற சுற்றுலாக்காரர்கள் "ஊட்டி மாதிரியே இருக்கு" என்பார்கள். அந்த ஊட்டியிலேயே டிசம்பர், ஜனவரியில் புல் மேல் வெள்ளையாக உறைபனி படிவதோடு சரி, வெயில் ஏறினால் அதுவும் போச்சு. ஆக, ஐஸ் மேல் ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி எழுத இந்த மலையில் உட்கார்ந்திருக்கும் பி.காம். மாணவனுக்கு எந்த யோக்கியதையும் இல்லை. இருந்தும் எழுதுகிறேன் :-)

ஃபிகர் ஸ்கேட்டிங்கில் எனக்குப் போட்டியை விடப் பயிற்சியைப் பார்க்கத்தான் பிடிக்கும். போட்டியில் ஜிகினா உடை, பாட்டு, புன்னகை. பயிற்சியில் பழைய ஸ்வெட்டர், விழுதல், எழுதல், மறுபடி விழுதல். ஒரே ஒரு தாவலை நாற்பது தடவை செய்வார்கள். இரண்டு வருஷம் முன் உறவினர் வீட்டு விசேஷத்துக்கு டெல்லி பக்கம் போனபோது, குருகிராமில் ஒரு மாலின் மேல்மாடியில் இருக்கும் ஐஸ் ரிங்க்கில் முதல் முறையாக நேரில் பார்த்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்திப் போகும் மால் கூட்டத்துக்கு நடுவில், கிடைத்த சின்ன இடைவெளியில் ஓடி வந்து தாவுவாள். யாராவது குறுக்கே வந்துவிட்டால் நிறுத்திவிட்டுத் திரும்பப் போய் வரிசையில் நிற்பது மாதிரி நிற்பாள். நான் பார்த்த முக்கால் மணி நேரத்தில் முழுசாகத் தாவியது ஏழோ எட்டோ தடவைதான்.

கூட்டம் இல்லாத நேரத்தில் விடக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, உடன் வந்த மாமா சொன்ன பதில்: "கூட்டம்தான்டா கரன்ட் பில்லைக் கட்டுது."

அந்த ஒரு வரி என்னை விடவே இல்லை. அதிலிருந்து கிளம்பித் தேடியதுதான் கீழே வரும் கதை. எங்கே தொடங்குகிறது என்று நினைக்கிறீர்கள்? நம்ம சென்னை திருவல்லிக்கேணியில்.

ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப் தெரியாத சென்னைக்காரர் இருக்க மாட்டார். கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்டக் கட்டடம் 1842ல் கட்டப்பட்டது ஐஸ் வைக்கத்தான். பாஸ்டன் நகரத்து ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி, அங்கே குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் குளங்களைச் செங்கல் செங்கலாக அறுத்து, மரத்தூள் போட்டு மூடி, கப்பலில் ஏற்றி வெயில் நாடுகளுக்கு விற்றார். 1833ல் 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸுடன் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா போய்ச் சேர்ந்தபோது 100 டன் மிச்சம் இருந்தது. பிறகு பம்பாய், மெட்ராஸ். சரக்கு போகிற வழியில் பாதி கரைந்துபோகும் வியாபாரத்தில் லாபம் பார்த்த மனுஷன்! முதல் (குளத்துத் தண்ணீர்) இலவசம், மரத்தூள் மர மில்களின் குப்பை, பாஸ்டனிலிருந்து இந்தியாவுக்கு வரும் கப்பல்களில் இடம் காலி. மூன்றையும் கூட்டினால் கணக்கு சரியாக வருகிறது. கல்கத்தாவில் ஐஸ் கிடங்கு கட்டுவதற்கு வெள்ளைக்காரர்களே சந்தா போட்டுப் பணம் சேர்த்தார்கள், சுங்க வரியும் கிடையாது என்றார்கள். ஐஸை ஆசைப்பட்டவர்களே செலவிலும் பங்கெடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வரும்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் குளிர்காலத்தில் சறுக்கி விளையாடிய அதே குளத்து ஐஸ்தான் மெட்ராஸ் துரைமார்களின் கோப்பையில் மிதந்தது. இங்கே யாரும் அதன் மேல் ஏறி நிற்க ஆசைப்படவில்லை, அந்த விலைக்கு.

1874ல் மெட்ராஸில் இயந்திரத்தில் ஐஸ் செய்யும் கம்பெனி வந்துவிட்டது. டியூடர் வியாபாரம் படுத்தது. ஐஸ் ஹவுஸை பிலிகிரி அய்யங்கார் வாங்கினார், 1897ல் விவேகானந்தர் வந்து தங்கினார், அது தனிக் கதை.

இரண்டே வருஷம் கழித்து, 1876 ஜனவரியில், லண்டனில் ஜான் கேம்ஜி என்பவர் 'கிளாசியாரியம்' என்ற பெயரில் உலகின் முதல் இயந்திர ஐஸ் ரிங்க்கைத் திறந்தார். கேம்ஜி கால்நடை வைத்தியர். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இறைச்சியைக் கெடாமல் உறைய வைத்துக் கப்பலில் கொண்டுவர வழி தேடிக்கொண்டிருந்தவருக்கு இந்த யோசனை வந்தது. தரையில் செப்புக் குழாய்களைப் பதித்து, குளிரூட்டிய திரவத்தை உள்ளே ஓடவிட்டு, மேலே தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும். இன்று வரை அடிப்படை இதுதான், செம்பும் திரவமும்தான் மாறியிருக்கின்றன. முதல் ரிங்க்கின் அளவு 24க்கு 16 அடி. எங்கள் வீட்டு மிளகு காயப்போடும் களம் அதைவிடப் பெரிசு! பணக்கார உறுப்பினர்கள் மட்டுமே உள்ளே போகலாம், வேடிக்கை பார்க்க மேலே மாடம், சுவரில் ஆல்ப்ஸ் மலை ஓவியம். இத்தனை செய்தும் ஐஸிலிருந்து கிளம்பிய மூடுபனியில் ஆட்கள் வெறுத்துப் போக, அந்த வருஷ முடிவுக்குள் மூடிவிட்டார்கள்.

சரி, ஐஸ் தயார். அதன் மேல் என்ன செய்தார்கள்? தமிழ்ப் பத்திரிகைகள் 'பனிச்சறுக்கு' என்று ஒரே வார்த்தையைப் போட்டு, மலைச்சரிவில் கட்டையைக் கட்டிக்கொண்டு இறங்குவதையும் இதையும் ஒன்றாக்கிவிடும். அதனால்தான் ஃபிகர் ஸ்கேட்டிங் என்றே எழுதுகிறேன். ஃபிகர் என்றால் உருவம், கோலம் என்று சொல்லலாம். சுத்தமான ஐஸில் பிளேடின் ஒரு விளிம்பை ஊன்றி வட்டம், எட்டு, வளையம் போட வேண்டும். பிறகு அதே கோட்டின் மேல், முடி அளவு விலகாமல், மறுபடி மறுபடி போக வேண்டும். நடுவர்கள் குனிந்து கோட்டைப் பரிசோதிப்பார்கள். 1960கள் வரை மொத்த மதிப்பெண்ணில் 60 சதவீதம் இந்தக் கோலத்துக்குத்தான்! தாவலும் சுழலும் மீதி நாற்பது.

கோலம் போட வாசல் சுத்தமாக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக 'பேட்ச்' என்று ஒரு ஏற்பாடு. ரிங்க்கைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒரு ஆளுக்கு ஒரு பாத்தி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை. விடியற்காலை இருட்டில் வந்து, சத்தமே இல்லாமல், தன் பாத்தியில் மணிக்கணக்கில் வட்டம் போடுவார்கள். தரிசாகக் கிடக்கும் காலை நேரத்திலும் ரிங்க்காரருக்கு நிச்சய வருமானம். ஆனால் வட்டம் போடக் காசு யாரிடம் இருந்தது? 1928, 1932, 1936 என மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்ற நார்வேயின் சோன்யா ஹெனியின் அப்பா ரோமத்தோல் வியாபாரி, வசதியான குடும்பம். ஆட்டத்துக்குக் காசு வாங்கினால் ஒலிம்பிக்கில் இடமில்லை என்ற விதி இருந்த காலம் வேறு. எனவே சொந்தக் காசு உள்ளவர்களின் விளையாட்டாகவே அது வளர்ந்தது. ஹெனி 1936லேயே தொழில்முறைக்கு மாறி, ஹாலிவுட் படங்களிலும் தன் சொந்த ஐஸ் ஷோவிலும் கொட்டிக் குவித்தார்.

அடுத்து வருபவர்தான் என் ஹீரோ. கலிஃபோர்னியாவில் பாரமவுண்ட் என்ற ஊரில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த ஃபிராங்க் சாம்போனி. வீட்டுக்கு வீடு ஃப்ரிட்ஜ் வர, ஐஸ் பாளம் வாங்க ஆள் குறைந்தது. கையில் இருக்கும் இயந்திரத்தை என்ன செய்வது? தம்பி, உறவினரோடு சேர்ந்து 1940ல் 'ஐஸ்லாண்ட்' என்ற ரிங்க்கைத் திறந்தார். டியூடரின் தொழிலை இயந்திரம் கொன்றது, இயந்திர ஐஸ்காரரின் தொழிலை ஃப்ரிட்ஜ் கொன்றது, இவரோ படுத்த தொழிலை எழுப்பி அதன் மேல் ஆட்களை ஆட விட்டார்! ரிங்க்கில் பெரிய தலைவலி, கீறல் விழுந்த ஐஸைச் சரிசெய்வது. சுரண்டி, அள்ளி, கழுவி, புதுத் தண்ணீர் தெளித்து உறையவைக்க நான்கைந்து பேருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் டிக்கெட் கிடையாது. 1949ல் எல்லாவற்றையும் ஒரே ஆள் ஓட்டிக்கொண்டே சில நிமிஷத்தில் முடிக்கும் வண்டியை சாம்போனி உருவாக்கினார். 1950ல் அந்த உள்ளூர் ரிங்க்கில் பயிற்சிக்கு வந்திருந்த சோன்யா ஹெனி, வண்டியைப் பார்த்துவிட்டுத் தன் ஷோவுக்கு ஒன்று வேண்டும் என்று ஆர்டர் கொடுத்தார். பயிற்சியை நாம் வேடிக்கை பார்ப்போம். பயிற்சிக்கு வந்தவரே வேடிக்கை பார்த்த கதை இது.

கோலத்தின் முடிவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1972 ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்சி ஷூபா கோலம் போட்டே தங்கம் வாங்கிவிட்டார். டிவியில் ஆட்டத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அமெரிக்காவின் ஜேனட் லின்தானே பிரமாதம், அவருக்கு ஏன் வெண்கலம் என்று குழப்பம். டிவி பணத்தின் முன் வட்டம் நிற்குமா? படிப்படியாகக் குறைத்து, 1990ல் சர்வதேசப் போட்டிகளிலிருந்து கோலத்தை எடுத்தேவிட்டார்கள். பேட்ச் நேரமும், ரிங்க்காரரின் அந்த விடியற்கால வாடகையும் கூடவே போயின.

இப்போது இந்தியா. சிம்லாவில் 1920ல் பிளெஸ்ஸிங்டன் என்ற வெள்ளைக்காரர், ராத்திரி வெளியே வைத்த வாளித் தண்ணீர் உறைந்திருப்பதைப் பார்த்து, டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் ஊற்றி ரிங்க் ஆக்கினார் என்பார்கள். (வாளி அதேதான், ஊர்தான் வேறு!) மலை நிழலில் கிடக்கும் இடம். இயந்திரம் இல்லை, குளிரே கம்ப்ரஸர். காலையும் மாலையும் மட்டும் ஆட்டம். செலவு குறைவு, ஆனால் சீசன் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரைதான், மேகம் மூடினால் அன்றைக்கு ஐஸ் பிடிக்காது. வர வர சிம்லாவின் குளிரும் குறைந்து, ஆடக் கிடைக்கும் நாட்களும் சுருங்கிவிட்டன. வருஷத்தில் சில வாரப் பயிற்சியில் ஒருவர் மூன்று சுற்றுத் தாவல் கற்றுவிட முடியாது.

எனவே இயந்திர ரிங்க். 2011 ஜனவரியில் நடந்த முதல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக டேராடூனில் 60க்கு 30 மீட்டர் என்ற சர்வதேச அளவில் ஒன்றைக் கட்டினார்கள். விளையாட்டு ஒரு வாரத்தில் முடிந்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் பூட்டியே கிடந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்கு இது ஆச்சரியமே இல்லை. ஐஸின் செலவு கிட்டத்தட்ட முழுக்க நிலைச் செலவு. மைனஸ் 3, 4 டிகிரியில் வைத்திருக்க ஓடும் கம்ப்ரஸருக்கு, மேலே நூறு பேர் ஆடுகிறார்களா ஒருத்தி ஆடுகிறாளா என்று தெரியாது. ராத்திரி யாரும் இல்லை என்று நிறுத்தவும் முடியாது. உருகினால் மறுபடி மெல்லிய படலம் படலமாகத் தண்ணீர் விட்டு உறையவைக்க நாட்கள் ஆகும். கட்டுவதற்குப் பணம் ஒதுக்குவது ஒரு தடவை, கரன்ட் பில் மாசா மாசம். முதலாவதற்கு ரிப்பன் வெட்ட ஆள் வருவார்கள்.

அந்த இடைவெளியில் மால் ரிங்க்தான் பிள்ளைகளுக்கு. இந்தியக் கொடியோடு சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆடிய ஆமி பாரிக், தாரா பிரசாத் ஆகியோர் அமெரிக்காவில் வளர்ந்து அங்கே பயின்றவர்கள். அவர்கள் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே ஊருக்கு ஊர் ரிங்க், ஐஸ் ஹாக்கிக் கூட்டம் பில்லில் பெரும்பங்கைக் கட்டிவிடுகிறது, ஸ்கேட்டர் மிச்ச நேரத்தை வாங்கிக்கொள்கிறார். இங்கே ஹாக்கிக்குப் பதில் மால் கூட்டம், அவ்வளவுதான் வித்தியாசம். குருகிராம் சிறுமி குறுக்கே வந்தவர்களுக்காக நின்று நின்று போனதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது உண்மை. கணக்குப் போட்டுப் பார்த்தால் அவள் நிற்கும் ஐஸே அவர்கள் வாங்கிக் கொடுத்தது.

டேராடூன் ரிங்க்கைப் பழுது பார்த்து 2025ல் 'ஹிமாத்ரி' என்ற பெயரில் திறந்துவிட்டார்கள். அந்த ஆகஸ்டில், நல்ல மழைக்காலத்தில், ஆசிய அளவிலான ஷார்ட் டிராக் வேகப் போட்டியே அங்கு நடந்தது. போட்டி இல்லாத மாதங்களில் என்ன செய்கிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில்? நமக்குச் சக்கரம்தான். 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக வேக ஸ்கேட்டிங் போட்டியில் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட் தங்கம் வாங்கிய ஆனந்த்குமார் வேல்குமார் சென்னைக்காரர். ரோலர் ஸ்கேட்டிங்கிலும் வேகம் தவிர 'ஆர்டிஸ்டிக்' என்று ஒரு பிரிவு உண்டு, ஐஸில் செய்யும் தாவல், சுழல் எல்லாம் நான்கு சக்கரத்தில். ஐஸ்காரர்கள் 1990ல் தூக்கிப் போட்ட அந்தக் கோலம் அதில் இன்னும் பிழைத்திருக்கிறது. நம் நாட்டு ரோலர் போட்டிகளில் 'ஃபிகர்' என்றே தனிப் போட்டி நடத்துகிறார்கள். வட்டத்தை ஒரு தடவை சிமெண்டுத் தரையில் பெயின்ட்டில் போட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் அதன் மேலேயே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கும் போகலாம். கம்ப்ரஸர் கிடையாது.