கோப்பும் கடிதமும்: கதையாடல் சிகிச்சை உருவான வரலாறு

ஆய்வுப் பொருள்

நரேட்டிவ் தெரபி எனப்படும் கதையாடல் சிகிச்சையை, 'வந்தவரைக் கதை சொல்லவைத்து மனத்தை ஆற்றும் முறை' என்று சுருக்கிச் சொல்லிவிடும் வழக்கம் உண்டு. அதன் வரலாறு இந்தச் சுருக்கத்துக்குள் அடங்குவதில்லை. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இம்முறை வடிவெடுத்தபோது 'கதை' அதன் மையக் கருத்தாக இருக்கவில்லை. ஒருவரின் சிக்கலுக்குப் பெயர் வைப்பது யார், அதை எழுதி வைப்பது யார் என்னும் இரு கேள்விகளே அதை வளர்த்தெடுத்தன என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடிலெய்டு: பெயரிடும் உரிமை

மைக்கேல் வைட் (1948–2008) தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரைச் சேர்ந்த சமூகப் பணியாளர். அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனையில் மனநலச் சமூகப் பணி செய்தவர். கழிப்பறைப் பழக்கம் வரவேண்டிய வயதைக் கடந்தும் உடையிலேயே மலம் கழித்துவிடும் பிள்ளைகளின் குடும்பங்கள் அவரை நாடி வந்தன. பிள்ளையைக் குறை சொல்வதும் பெற்றோரைக் குறை சொல்வதுமாக முடியும் உரையாடலை அவர் வேறு திசைக்குத் திருப்பினார். சிக்கலுக்கு 'திருட்டுக் கக்கா' என்பது போன்ற செல்லப்பெயர் சூட்டப்பட்டது. அது பிள்ளையை எப்படி ஏமாற்றுகிறது, வீட்டில் யார் யாருக்கிடையே சண்டை மூட்டுகிறது, எப்போது பிள்ளை அதை முந்திக்கொண்டது என்றெல்லாம் குடும்பமே கூடித் துப்புத் துலக்கியது. இதை விளக்கும் அவருடைய கட்டுரை 1984இல் வெளியானது.

சிக்கலை ஆளிடமிருந்து பிரித்து நிறுத்திப் பேசும் இந்த உத்தி பின்னர் 'புறப்படுத்தல்' என்று பெயர் பெற்றது. நோய்க்குறியின் பெயரை நிபுணர் தருவதற்குப் பதிலாக, பாதிக்கப்பட்டவரே தம் சொல்லில் பெயரிடுகிறார் என்பதே இதில் நேர்ந்த மாற்றம். அந்தக் கட்டத்தில் வைட்டுக்குக் கோட்பாட்டுத் துணையாக இருந்தவை மானிடவியலாளர் கிரெகரி பேட்சனின் எழுத்துகள். கதைக் கோட்பாடு பின்னால்தான் வந்தது.

ஆக்லாந்து: எழுதும் உரிமை

வைட்டும் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பணியாற்றிய டேவிட் எப்ஸ்டனும் 1981இல் ஆஸ்திரேலியக் குடும்பச் சிகிச்சை மாநாட்டில் அறிமுகமாயினர். கனடாவில் பிறந்த எப்ஸ்டன் மானிடவியல் பயின்றவர். ஒவ்வொரு சந்திப்புக்குப் பின்னும், வந்தவர் சொன்னவற்றை அவருடைய சொற்களிலேயே தொகுத்து, மேலும் சில கேள்விகளைச் சேர்த்துக் கடிதமாக அனுப்புவது அவர் வழக்கம். அலுவலக அலமாரியில் முடங்கும் குறிப்பு, உரியவரின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

1983இல் அடிலெய்டில் டல்விச் மையம் என்னும் குடும்பச் சிகிச்சை நிலையம் தொடங்கியது. அதன் பதிப்பாளராக இயங்கிய செரில் வைட்டும் எப்ஸ்டனும்தான் கதை என்னும் கருத்தை நோக்கி மைக்கேல் வைட்டை நகர்த்தினர். உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1986இல் வெளியிட்ட நூல் கதையின் அமைப்பை ஆராயக் கருவி தந்தது. பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷேல் ஃபூக்கோ, தேர்வும் பதிவேடும் மனிதரை 'வழக்கு' ஆக்கும் விதத்தைக் காட்டியிருந்தார். மருத்துவமனைக் கோப்புகளுக்கு நடுவே வேலை செய்தவருக்கு அது அன்றாட அனுபவம்.

இவை ஒன்றுசேர, வைட்டும் எப்ஸ்டனும் எழுதிய நூல் 1989இல் அடிலெய்டிலும், தலைப்பு மாறி 1990இல் நியூயார்க்கிலும் வெளிவந்தது. அதன் பக்கங்களில் பெரும்பகுதியை நிறைப்பவை கடிதங்களும் சான்றிதழ்களும். அச்சத்தை அடக்கிய பிள்ளைக்குப் பட்டயம் வழங்கப்படுகிறது. இவற்றை ஆசிரியர்கள் 'எதிர் ஆவணங்கள்' என்றனர். கோப்பு, உரியவர் பார்க்காமலே அலுவலகம் விட்டு அலுவலகம் போகும். எதிர் ஆவணத்தை உரியவர் தாமே விரும்பியவருக்குக் காட்டுவார்.

சமூகத்தை நோக்கி

1990களில் இதே கேள்விகள் தனிமனிதரைத் தாண்டின. ஆஸ்திரேலியத் தொல்குடியினரின் காவல் மரணங்களை விசாரித்த அரச ஆணையம் (1987–1991) 99 இறப்புகளை ஆராய்ந்தது. அதன் பின் தெற்கு ஆஸ்திரேலியத் தொல்குடி உடல்நல மன்றத்தின் முயற்சியில், உறவினரை இழந்த குடும்பங்கள் கூரோங் முகாமில் கூடின. டல்விச் மையத்தினரும் துணை நின்றனர். ஆணையத்தின் அறிக்கை இறப்புகளைப் பதிவு செய்திருந்தது. துயரத்தினூடே தாங்கி நிற்க உதவிய வழக்கங்களும் அறிவும் இங்கே குடும்பங்களின் வாய்மொழியிலேயே பதிவாயின. அவை 1995இல் அச்சேறின.

பின்னர், ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எய்ட்ஸ் பாதித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, ஜிம்பாப்வேயைச் சேர்ந்த இன்கசெலோ இன்கூபேயும் டல்விச் மையத்தைச் சேர்ந்த டேவிட் டென்பரோவும் 'வாழ்வின் மரம்' பயிற்சியை உருவாக்கினர். வேர், அடிமரம், கிளை, இலை, கனி என ஒவ்வொன்றிலும் தம் பூர்விகம், திறமை, கனவு, அன்புக்குரியோர் போன்றவற்றைப் பிள்ளைகளே எழுதுகின்றனர். இழப்பைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வருகிறது.

எதிர்வாதங்கள்

குடும்பச் சிகிச்சையின் முன்னோடியான சால்வடார் மினுச்சின் 1998இல், இம்முறையில் குடும்ப உறவுகளே பார்வையிலிருந்து நழுவிவிட்டன என்று கடிந்தார். சான்று போதாது என்பது இன்னொரு குறை. எப்ஸ்டன் தம்மிடம் வந்தவர்களைக் கேட்டபோது ஒரு கடிதம் சராசரியாக நாலரை அமர்வுக்குச் சமம் என்ற விடை கிடைத்தது; ஆனால் அது முறைசாரா விசாரிப்பே. 2011இல் ஆய்வாளர்கள் வ்ரோமன்ஸும் ஷ்வைட்ஸரும் தீவிர மனச்சோர்வுள்ள 47 பேரிடம் 8 அமர்வுகளின் பயனை அளந்து முன்னேற்றம் கண்டனர். எனினும் அத்தகைய ஆய்வு நிபுணர் வகுத்த அளவுகோல்களால்தான் நடக்கிறது; பெயரிடும் உரிமை அங்கே மீண்டும் நிபுணரிடமே திரும்புகிறது.

இதைவிட நுட்பமான சிக்கல் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. சொற்கள் வந்தவருடையவை, ஆயினும் எவற்றை எடுப்பது, எவற்றை விடுவது என்று முடிவு செய்பவர் ஆலோசகர். வரைவைத் திருத்தவும் மறுக்கவும் உரியவருக்கு இடமில்லையெனில், கடிதமும் கனிவாக எழுதப்பட்ட கோப்புதான்.

முடிவு

புறப்படுத்தல் கேள்விகளைச் சில நாள் பயிற்சியிலேயே கற்றுக்கொள்ளலாம். ஓர் ஆலோசனை மையம் அக்கேள்விகளைக் கேட்டுவிட்டு, பழைய மொழியிலேயே குறிப்பெழுதிப் பூட்டி வைக்குமானால், இம்முறையின் வரலாற்றில் பாதியைத்தான் அது எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மையம் கதையாடல் சிகிச்சையைப் பின்பற்றுகிறதா என்று அறிய, அங்கே நடக்கும் உரையாடலோடு அதன் பதிவேடுகளையும் ஆராய வேண்டும்: அவை யாருடைய சொற்களில் உள்ளன, அவற்றை யார் படிக்கலாம், யார் திருத்தலாம்?